பக்கத்துப் பல்லின் நிறம்

பல்லுக்கு நிறம் பார்க்கிற சட்டம் ஒன்று
மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.
பதினாறு போலிப் பற்கள் வரிசையாய்,
பால் வெள்ளையில் தொடங்கித்
தேத்தண்ணிக் கறை வரைக்கும்.
அதை எடுத்து மீன்தொட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது
என் வேலையில் சேர்த்தியில்லை.
வருசத்துக்கொருக்கா, கணக்கு முடிக்கிற மார்ச்சில்,
கிளினிக்கைப் பூட்ட முன்னம்
பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரி வீதியில் தொட்டி வைத்த புதிதில்
கோமாளி மீன் இரண்டும் ஒரே செம்மஞ்சள்.
பல்லுப் பிடுங்க வந்த பிள்ளைகள்
வாயைப் பொத்திக்கொண்டு
மூக்கைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள்.
மாதகலிலிருந்து யேசுரட்ணம்
இரண்டு மஞ்சள் கானில் கடலைக் கட்டிக்கொண்டு வருவான்
மோட்டார் சைக்கிளில்.
சந்திக்குச் சந்தி கொஞ்சம் கடல் சிந்தும்.

நாலாம் வருசம் பெரியவள் கறுக்கத் தொடங்கினாள்.
முதலில் முதுகுச் செட்டையடியில்,
விறகடுப்புச் சட்டியின் குண்டி மாதிரி.
பிறகு விலா.
செம்மஞ்சள் மூஞ்சியிலும் வயிற்றிலுமாய் ஒதுங்கி நின்றது.
வெள்ளைப் பட்டியும் மங்கி
முதலாம் பல்லிலிருந்து ஐந்தாம் பல்லுக்கு இறங்கியது.

ஆளுக்கொரு வைத்தியம்.
"லைற்றை மாத்துங்கோ."
"இறாலைக் கொத்திப் போட்டுப் பாருங்கோ."
"உப்புக் கூடிப்போச்சு."
"ஆரோ மாத்திப் போட்டாங்கள் டொக்டர்,
உது அந்த மீனில்லை."
டொக்டர் நிமலகாந்தன் கொழும்பிலிருந்து
நிறமேற்றும் தீன் எடுப்பித்தார்.
டப்பாவின் மேல் சிரிக்கிற மீன்.
மூன்று மாதத்தில் டப்பா முடிந்தது.
அவள் இன்னும் கறுத்தாள்,
நல்லாய்த் தின்று,
ஓட்டுத் துண்டில் முட்டை ஒட்டி வைத்து,
தொட்டி கழுவ வந்த யேசுரட்ணத்தின்
விரலைக் கடித்துக்கொண்டு.

பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள் வந்தன.
மண்ணெண்ணெய் வரிசையில் நான் நின்ற ஓர் இரவு
காற்றுக் குமிழி நின்றுபோனது.
காலையில் அவள் கல்லுக்கிடையில்,
கரிய பக்கம் மேலே.
சின்னவன் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு.
செம்மஞ்சள் அவனில் அப்படியே இருந்தது.
அதைப் பார்க்க எனக்கு ஏனோ கோபம் வந்தது.

அந்தக் கிழமைதான்
இளவாலை லொறிக்காரர் மரியதாஸ்
முன் பல்லு உடைந்து வந்தார்.
"நல்ல வெள்ளையாய்ப் போடுங்கோ டொக்டர்,
இருவது வயசுக்காரன்ர மாதிரி."
டொக்டர் சட்டத்தை அவர் உதட்டருகே பிடித்தார்.
ஒன்று, இரண்டு தள்ளி,
பத்தாம் பல்லில் நின்றார்.
"பக்கத்துப் பல்லைப் பாத்துத்தான் வைக்கோணும் அண்ணை.
இல்லாட்டி நீங்கள் வாய் திறக்கேக்க
அந்தப் பல்லு மட்டும் கதைக்கும்."

சொன்ன ஆள்
பின்னேரமே புது மீன் ஒன்று வாங்கி வந்தார்.
சுண்டுவிரல் நகமளவு,
பழைய செம்மஞ்சள், அச்சொட்டாய்.
தொட்டிக்குள் அது மட்டும் கதைத்தது.

ஒரு வருசம் போனது.
பழையவன் தடித்தான்.
முதுகில் ஒரு நிழல் விழுந்தது,
விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் நகராத நிழல்.
யேசுரட்ணம் குனிந்து பார்த்துவிட்டு,
"உவன் இப்ப அவளெல்லே" என்றான்,
கானை இறக்கிவைத்தபடி,
விலைவாசி சொல்கிற குரலில்.
புதிசு அவளுக்கு முன் உடம்பை நடுக்கி
வணங்கிக்கொண்டு நின்றது.

இந்த மார்ச்சும் சட்டத்தை எடுத்தேன்.
நாலாம் பல்லைக் கண்டதும்
அவள் பாய்ந்து வந்து கண்ணாடியை ஒரு கடி கடித்தாள்.
கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
பழைய பதிவுகளின் கீழே எழுதினேன்:
வெள்ளைப் பட்டி, நாலு.
கறுப்பு, சட்டத்தில் இல்லை.
மேலே 'அவன்' என்று இருந்ததை வெட்டவில்லை.
பக்கத்தில் 'அவள்' என்று போட்டுத்
திகதியும் வைத்தேன்.

வெளியில் மரியதாஸின் லொறி நிற்கிறது.
அவருக்கு இன்றைக்கு நேரம் குறித்ததாய் ஞாபகமில்லை.